கேட்டது கிடைக்காதவர்களின் ஊர்கள்

திங்கள், பாளையங்கோட்டை

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து நாட்களில் தெற்கே ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்று அத்தை நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டு எனக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. வேலை பார்த்த நிறுவனம் சென்னைக் கிளையை இழுத்து மூடிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் விண்ணப்பம் போட்டால் பதில் வருகிறது, மரியாதையாகத்தான் வருகிறது; வேலை மட்டும் வருவதில்லை. மகளுக்கு ஜூனில் கல்லூரிக் கட்டணம். வீட்டுக் கடன் அதுபாட்டுக்கு ஐந்தாம் தேதி வந்து நிற்கிறது.

தெரிந்தவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். "விசுவாசமா இருங்க பிரதர், இது உங்களுக்கு இரட்டிப்பின் மாசம்" என்று ஒருவர் தினமும் காலையில் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். நல்ல மனிதர். ஆனால் போன மாதமும் இரட்டிப்பின் மாதமாகத்தான் இருந்தது.

அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. திருமண்டலப் பள்ளியில் (பேராயரின் கீழுள்ள சபைகளின் பகுதிதான் திருமண்டலம்) ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2021 மே மாதம் கொரோனாவில் மாமா போனார். சேகரமே, அதாவது ஒரே குருவின் கீழுள்ள சபைகள் எல்லாமே, அவருக்காக முழங்காலில் நின்றது; நாங்களும் சென்னையில் உபவாசம் இருந்தோம். பலிக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்து ஆலயம் திறந்த முதல் ஞாயிறன்று அத்தை போய் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தாராம். எப்படி முடிந்தது என்று கேட்க எனக்கு இதுவரை வாய் வரவில்லை. இந்தப் பயணத்தில் கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

இன்று தூரமாக எங்கும் போகவில்லை. சாயங்காலம் பாப்பாத்தியம்மாள் கோவிலுக்கு மட்டும் நடந்துபோனோம். 1785-ல் கட்டியது. ஊசிக்கோபுரம் உயர்ந்து நிற்கும் கதீட்ரலைப் பார்த்துவிட்டு வந்தால் இது கண்ணுக்கே படாது. கட்டியவர் குளோரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிய பிராமணக் குடும்பத்துப் பெண், இளம் வயதிலேயே விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, முறையான திருமணம் இல்லை என்று ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்போம்). அந்த அதிகாரியும் இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து இங்கே எழுதிய முதல் சபைப் பதிவேட்டில் மொத்தம் நாற்பது பேர். இன்றைக்குத் திருநெல்வேலித் திருமண்டலம் என்று நாம் பெருமை பேசுவதெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். பிறந்த வீடும் கைவிட்டு, சபையும் வாசலில் நிறுத்திவைத்த ஒரு பெண், தன் காசில் ஜனங்களுக்குக் கோவில் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

"அவ கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கலாம்லா" என்றார் அத்தை. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய், டோனாவூர்

காலை ஆறரை மணி பஸ். களக்காட்டை நெருங்க நெருங்க மலை பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது. இருபுறமும் வாழை. வண்டியில் பாதி பேர் வாழைத்தார் கணக்குத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

டோனாவூர் என்ற பெயருக்குக் காரணம் டோனா என்ற ஜெர்மானியப் பிரபு. மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820-களில் அவர் அனுப்பிய பணத்தில் நிலம் வாங்கிக் கிறிஸ்தவக் குடும்பங்களைக் குடியேற்றினார். ஆனால் இன்று இந்த ஊரைத் தேடி ஆள் வருவது ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்காக. அயர்லாந்துக்காரர், 1867-ல் பிறந்தவர். 1895-ல் இந்தியா வந்தவர் அப்புறம் ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை. 1901 மார்ச்சில் பண்ணைவிளையில், கோவிலுக்குப் பொட்டுக் கட்டித் தேவதாசியாக்குவதற்காக ஒப்படைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி வந்து அவரிடம் சேர்ந்தாள். பெயர் பிரீனா. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் குழந்தைகள் வந்தன. பொட்டுக் கட்டுவதை மதராஸ் சட்டம் தடை செய்தது 1947-ல். அதற்கு நாற்பத்தாறு வருடம் முன்னால் தொடங்கிய வேலை இது.

முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனதால் உள்ளே விட்டார்கள். சிவப்பு ஓட்டு வீடுகள், மரங்கள், நடுவே ஜெப வீடு. எல்லாம் துப்புரவாக இருக்கிறது. இப்போது நிர்வாகம் முழுக்க இந்தியர்கள் கையில்.

சிறு வயதிலிருந்தே இந்த இடத்தைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். இவர்கள் மனிதரிடம் பணம் கேட்பதில்லை. கர்த்தரிடம் மட்டும் கேட்பார்கள். நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு அப்படித்தான் சோறு போட்டார்கள். பிரசங்கியார்கள் இதைச் சொல்லிவிட்டு உடனே காணிக்கைப் பையை அனுப்புவதில் ஒரு வேடிக்கை உண்டு. அது இருக்கட்டும். நேரில் பார்க்கும்போது எனக்குத் தோன்றியது வேறு. கேட்காமல் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் அம்மையார் எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் புத்தகங்கள் உலகமெங்கும் போயின, படித்தவர்கள் அனுப்பினார்கள். இதைச் சொன்னால் விசுவாசத்துக்குக் குறைச்சல் என்று நான் நினைக்கவில்லை. எலியா தீர்க்கதரிசிக்குப் போட்டதுபோல் காகம் வந்து அப்பம் போட்டாலும் யாரோ ஒருவர் அடுப்படியில் மாவு பிசைந்திருக்க வேண்டும்.

பிரசங்கங்களில் சொல்லாத மற்றொரு பாதியும் இருக்கிறது. கையில் வராத பணத்தை இவர்கள் செலவழிக்கவில்லை. கடன் வாங்கவில்லை. வந்தால் கட்டினார்கள், வராவிட்டால் காத்திருந்தார்கள். 'விசுவாசத்தில்' கார் முன்பதிவு செய்கிறவர்களையும், 'விசுவாசத்தில்' சக்திக்கு மீறிய வீட்டுக்கு முன்பணம் கொடுக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். டோனாவூர்க் கணக்குப்படி அதற்கு வேறு பெயர்.

அப்புறம் அந்தக் குழி. 1931-ல் களக்காட்டில் மருந்தகம் தொடங்க ஒரு வீட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். இருட்டுகிற நேரம் அம்மையார் பார்க்கப் போனார். தோண்டக் கூடாத இடத்தில் யாரோ தோண்டிவைத்திருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, முதுகில் அடி. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எழவே இல்லை. 1951 ஜனவரியில் இறக்கும் வரை, இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு, பெரும்பாலும் அந்த ஒரே அறையில் படுத்தே கிடந்தார்.

அத்தனை குழந்தைகள் ஜெபித்திருப்பார்கள். நாளும் மணியடித்து ஜெபிக்கிற இடம் அது. குழந்தைகளின் பாலுக்கும் அரிசிக்கும் வந்த பதில் அந்த முதுகெலும்புக்கு வரவில்லை. அவருக்கு வலது கையாக இருந்த பொன்னம்மாளும் அப்படித்தான். 1915-ல் புற்றுநோயில் வலியோடு போனார். பணம் வந்த கதைகளை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. படுக்கையில் கிடந்த வருடங்களில்தான் அவருடைய புத்தகங்களில் பல எழுதப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்காக வலி நல்லது என்று ஆகிவிடாது.

கல்லறையில் கல் வைக்கக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும். அதில் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட பெயர்.

இராத் தங்கல் ஏர்வாடியில், தெரிந்தவர் வீட்டில். பரோட்டாவும் சால்னாவும். லெந்தில் கறி சாப்பிடுவதில்லை என்று அத்தை எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். ஏர்வாடி வரை வந்து சால்னாவை முகர்ந்து மட்டும் பார்த்தேன்.

புதன், இடையன்குடி

திசையன்விளை வழியாக வந்தோம். மலை பின்னால் போய்விட்டது, பனையும் செம்மண்ணும்தான். பதநீர் இறக்கத் தொடங்கிவிட்டார்கள். ரோட்டோரத்தில் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். அத்தை இரண்டு பட்டை குடித்தார். சர்க்கரை அளவைப் பற்றி நான் ஆரம்பிப்பதற்குள் காசு கொடுத்துவிட்டார்.

கால்டுவெல் என்றால் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ஒப்பிலக்கணம், 1856, மெரினா சிலை. இடையன்குடியில் அவர் 'கால்டுவெல் ஐயர்'. சென்னையிலிருந்து பெரும்பகுதி நடந்தே வந்து 1841-ல் இங்கே சேர்ந்தார். தெருக்களை நேராக அளந்து போட்டார், கிணறு வெட்டினார். அவர் மனைவி எலைசா பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் இருந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம்.

பரிசுத்த திரித்துவ ஆலயம் கட்டி முடிய 33 வருடம். 1847-ல் தொடங்கி 1880-ல் பிரதிஷ்டை. அஸ்திவாரம் போட்டபோது சுண்ணாம்பு குழைத்த பையன், பிரதிஷ்டைக்குப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பான். கோவில் வேலை முடிகிற சமயத்தில்தான் 1876-78-ன் தாது வருஷப் பஞ்சம். அந்த வருடங்களில் இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற ஏச்சு அன்றைக்கே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. என் பாட்டன் பூட்டன் வகையில் யாராவது அப்படி வந்திருந்தால் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பசித்தவன் சோறு கிடைக்கும் வாசலுக்குப் போவான். பஞ்சம் முடிந்து மழை பெய்த பிறகும் எத்தனை பேர் அங்கேயே இருந்தார்கள் என்பதுதான் கேள்வி. பதிலுக்கு இந்தக் கிராமங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் போதும்.

பலிபீடத்தின் கீழே அவர் கல்லறை. 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். கோவிலைப் பூட்டவந்த பெரியவர், "எந்த ஊர், சேகரம் எது?" என்று விசாரித்துவிட்டுத் திரும்பக் கதவைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தார். போகும்போது "சோலி கெடைக்கும், ஜெபிக்கேன்" என்றார். நான் அவரிடம் வேலை பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அத்தையின் கைவரிசை.

வியாழன், முதலூர், மெஞ்ஞானபுரம், வெள்ளாளன்விளை

முதலூரில் இறங்கியதும் மஸ்கோத் அல்வாதான். தேங்காய்ப்பாலில் செய்வது. திருநெல்வேலி அல்வாவின் நெய் இதில் இல்லை. தேங்காயின் எண்ணெயே மினுமினுக்கும். சென்னைக்கு ஒரு கிலோ.

இந்த ஊர் 1799-ல் உண்டானது. சுற்றுவட்டாரத்தில் கிறிஸ்தவர்களானவர்களை அடித்தார்கள், ஜெபக்கூடத்தை இடித்தார்கள். சாத்தான்குளம் பக்கத்துக்காரரான டேவிட் சுந்தரானந்தம், "எல்லாரும் சேர்ந்து ஒரு நிலம் வாங்கிக் குடியிருப்போம்" என்று யோசனை சொல்லி இந்த இடத்தை வாங்க வைத்தார். முதல் ஊர், அதனால் முதலூர். சில வருடங்களிலேயே டேவிட் செத்துப்போனார். நஞ்சு வைத்துக் கொன்றதாக ஊர் சொல்கிறது. ஊர் மட்டும் நின்றது. வெயிலில் ஆலயத்தைச் சுற்றி வந்துவிட்டு மினி பஸ் பிடித்தோம்.

மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி. தேரி மணலுக்கு நடுவே அது எட்டுமைல் தள்ளியே தெரிகிறது என்று அத்தை சொன்னார். நான் பார்த்தது பஸ் ஜன்னலில் இருந்து, ஒரு திருப்பத்தில். காற்று அடித்தால் மண் வந்து மூடுகிற இடம். ஜான் தாமஸ் ஐயர் இங்கே கிணறு வெட்டி மரம் நட்டார், பிறகுதான் கோவில். வரிசையைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளாளன்விளை பக்கத்திலேயே. அசரியா பிறந்த ஊர், 1874. ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயர், 1912-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில். அதற்கு முன்பே, 1903-ல், இந்தியப் பணத்தில், இந்திய ஆட்களைக் கொண்டு நடக்கும் மிஷனெரி சங்கம் ஒன்றைத் திருநெல்வேலியில் தொடங்கியவர்களில் முக்கியமானவர். வெளிநாட்டுப் பணத்தில் வளர்ந்த சபை, தன் காசில் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியது.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது? பனையேறிகளின் வீடுகளிலிருந்தும்தான். பிடி அரிசி என்று ஒன்று உண்டு. உலை வைக்கும்போது வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். வாரக் கடைசியில் அது கோவிலுக்குப் போகும். எங்கள் ஆச்சியும் செய்ததாக அத்தை சொன்னார். "பத்தாக்குறை மாசத்துல கைப்பிடியச் சின்னதா ஆக்குவாளே தவிர, விடமாட்டா. பிள்ளைகள வச்சு அள்ளச் சொல்லுவா, அதுக்குக் கை சின்னதுல்லா." இரண்டு பேரும் சிரித்தோம். வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கும் தசமபாகம் பற்றி எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். இல்லாத நாளில் பிள்ளையின் கையால் அள்ளுகிற இந்தக் கணக்கு எதிலும் வந்ததில்லை.

வெள்ளி, மணப்பாடு

உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு மணப்பாடு வந்தோம். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறது, நிலத்தின் விலை ஏறிவிட்டது என்று ஆட்டோ ஓட்டியவர் வழியெல்லாம் சொன்னார்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம். 1581-ல் கட்டியதாகச் சொல்கிறார்கள். புயலில் பாய்மரம் முறிந்த போர்ச்சுகீசியக் கப்பலின் தலைவன், கரை சேர்ந்தால் அந்த மரத்தில் சிலுவை செய்து நாட்டுவேன் என்று நேர்ந்துகொண்டு இங்கே நிறைவேற்றினான் என்பது ஊர்க் கதை. செப்டம்பர் 14 திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் வரும். மேட்டின் சரிவில், கடலைப் பார்த்த குகை. 1542-ல் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடற்கரைக்கு வந்த சவேரியார் தங்கியது. உள்ளே ஒரு சின்னக் கிணறு. கடல் அத்தனை பக்கத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபை, புனிதர்களிடம் வேண்டுவது எங்களுக்குப் பழக்கமில்லை. அத்தை தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையிலும் கொஞ்சம் தெளித்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டேன். மாமா போன பிறகு எப்படிக் கோவிலுக்குப் போனீங்க அத்தை?

"போகாம எங்க போவ? கேட்டது கெடைச்சாத்தான் வருவேன்னு நான் என்னைக்கும் சொல்லலியே."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே தொடர்ந்தார். "ஆனா ஒண்ணுய்யா. பரமண்டல ஜெபம் சொல்லும்போது, உம்முடைய சித்தம் செய்யப்படுவதாகன்னு ஒரு இடம் வருதுல்லா? ஒரு வருசத்துக்கு மேல அந்த வரி வரும்போது வாய மூடிக்கிடுவேன். முன்னாலயும் சொல்லுவேன், பின்னாலயும் சொல்லுவேன். அது மட்டும் சொல்லமாட்டேன். ஐயர் பாத்திருப்பாரு. அவருக்குமே என்ன கேக்கத் தெரியும்?"

இப்போது?

"இப்பச் சொல்லுதேன். எப்ப ஆரம்பிச்சேன்னு ஞாபகம் இல்ல."

எபிரெயர் பதினோராம் அதிகாரத்தை நாங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தோம். விசுவாச வீரர்களின் பட்டியல். செங்கடலைக் கடந்தவர்கள், சிங்கத்தின் வாயை அடைத்தவர்கள் என்று போய், கடைசியில் அடிபட்டவர்களும் வாளால் அறுப்புண்டவர்களும் வருகிறார்கள். இவர்கள் எல்லாரும் நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தத்தை அடையவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அந்த வசனத்தை நானும் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன், எவர்சில்வர் டம்ளர். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

சனி, திருச்செந்தூர் ரயிலில்

திருநெல்வேலி பாசஞ்சர். ஸ்ரீவைகுண்டம் நெருங்கும்போது எதிர் இருக்கையில் இருந்தவர் ஜன்னலைக் காட்டி, "இங்கதான் நின்னுச்சு" என்றார். 2023 டிசம்பர் 17 இரவு. அன்றைய பேய்மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை, முன்னால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதால், ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். ஏறத்தாழ 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். கொஞ்சம் பேரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற முடிந்தது. மீதிப் பேர் இரண்டு நாள் அங்கேயே. 19-ஆம் தேதிதான் மீட்டார்கள்.

அதுவரை சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள். அவர்கள் வீட்டுக்கும் தண்ணீர் வந்திருந்தது. வீட்டில் இருந்ததையும் அம்மன் கோயிலில் இருந்த அரிசியையும் போட்டுப் பொங்கினார்கள். முருகனைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் கைக்குழந்தைக்காரர்களுமாக எல்லாரும் சாப்பிட்டார்கள்.

அத்தை ஆசிரியைக்குரிய குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். எத்தனை நேரம் சமைத்தீர்கள், விறகு நனையவில்லையா, உப்பு இருந்ததா. அவர் பொறுமையாகச் சொன்னார். வெறுஞ்சோறும் கஞ்சியும்தான் முதல் நாள், கூட்டு குழம்பெல்லாம் யார் பார்த்தது. "ரயில்ல இருந்தவங்க எல்லாம் சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நாங்க அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தோம்" என்றார். பெருமையும் இல்லை, கிண்டலும் இல்லை, நடந்ததைச் சொன்னார்.

அவர் செய்துங்கநல்லூரில் இறங்கிய பிறகு அத்தை என் பக்கம் திரும்பி, "அம்மன் கோயில் அரிசியில கர்த்தர் எண்ணூறு பேருக்குச் சோறு போட்டிருக்காரு. இதையும் எழுதிக்கோ" என்றார். எழுதிவிட்டேன். எங்கள் சேகர குரு இதைப் படித்து விளக்கம் கேட்டால் அத்தையின் எண்ணைத் தருகிறேன்.

கருப்பட்டியில் பாதி அத்தைக்கு, அல்வா முழுக்கச் சென்னைக்கு. திங்கட்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நேர்காணல் இருக்கிறது. சம்பளம் பழையதில் பாதிதான் வரும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். போகிறேன்.